கழுவெளிக் கரையில் உன்னை அழைத்த அன்று

என் செல்ல ராட்சசி தனம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். செத்துப்போனவளிடம் நலம் விசாரிக்கிறது பார் இந்தக் கழுதை என்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். உன் மகள் ரேவதி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள், கணக்கென்றால் உன்னைப் போலவே அவளுக்கும் வயிற்றுவலி வருகிறது. பாபுவுக்கு முன்பல் ஆடுகிறது, நாளெல்லாம் நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே திரிகிறான். அப்பா மறுபடியும் உப்பளத்து வேலைக்குப் போகிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உனக்கு மட்டும் சொல்வதென்றால் உன் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்திருப்பேன். நாலு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாலு பேருக்கு முன்னால் நிறுத்தித்தானே உன்னையும் என்னையும் கேட்டார்கள்?

நீ ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை கண்டு போனாய். அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. குப்பத்தில் எத்தனையோ வீடுகளில் விளக்கு வைக்க ஆளில்லாமல் போயிற்று. உப்புப் பாத்தியெல்லாம் சேறும் முள்ளும் உடைந்த படகுமாகக் கிடந்தன. நாம் மேட்டுத் தெரு என்பதால் தப்பித்தோம். அன்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, நல்லவேளை தனம் இதைப் பார்க்கவில்லை என்பதுதான். நீ இருந்திருந்தால் எங்களோடு சேர்ந்து தப்பித்திருக்க மாட்டாயா? அம்மாவின் கணக்கு எனக்கு என்றைக்குப் புரிந்தது?

அதிலிருந்து ஊர் கடலுக்கு முதுகைக் காட்டப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகுட்டியோடு எல்லோரும் உப்பளத்துக்கு மேற்கே கழுவெளி ஏரிக்கரைக்குத்தான் போகிறார்கள். நீ இருந்தபோது அங்கே மாடு மேய்ப்பவர்களும் நண்டு பிடிப்பவர்களும்தான் போவார்கள். இப்போது மணல் திட்டில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுண்டல்காரர் வருகிறார், ஐஸ் வண்டி வருகிறது. அலை கிடையாது, இரைச்சல் கிடையாது. கரையோரம் எங்கே இறங்கினாலும் பாபுவுக்கு முழங்கால் அளவுதான்.

நம் கடலில் சூரியன் எழுந்திருக்கும், விழாது. தண்ணீரில் சூரியன் விழுவதைப் பார்க்க நமக்குக் கழுவெளியை விட்டால் வேறு இடம் ஏது? மாசியில் ஏரி நிறைந்து கிடக்கும். தூரத்தில் பூநாரைகள் நிற்கும். சூரியன் இறங்க இறங்கப் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிவிடுவார்கள். அதைப் பார்க்கப் பாண்டியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அந்தக் கரைக்கு நான் வந்து சேர்ந்த கதையைக் கேள்.

உன் காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் இருவரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மாமா உப்பு லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது, அவர் எப்படிப் பிள்ளை வளர்ப்பார்? நான் பாண்டித் துணிக்கடையில் ஒரு வாரம் லீவு சொன்னேன். பாபுவுக்குக் காய்ச்சல் வந்தது, இன்னொரு வாரம் சொன்னேன். அதற்குள் கடலும் வந்துவிட்டது. கடைக்காரர் வேறு பெண்ணை வைத்துக்கொண்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலை பஸ் நம் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நான் ரேவதிக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பேன். கை பின்னிக்கொண்டிருக்கும், காது பஸ்ஸோடு கூனிமேடு வரைக்கும் போய்விட்டு வரும்.

என்னை யாரும் கட்டிப்போடவில்லை அக்கா. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. தாயில்லாப் பிள்ளைகள், நான் பார்க்காமல் யார் பார்ப்பது? மாமா பிள்ளைகளைப் பார்க்க வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்புவதா? அம்மாவுக்கு இடுப்பு வலி, அவருக்குச் சோறு நான் போட்டால் என்ன? அவர் சட்டை அழுக்காக இருக்கிறது, பிள்ளைகள் துணியோடு ஒரு சட்டை கூடத் துவைத்தால் தேய்ந்தா போய்விடுவேன்? இப்படி ஒவ்வொரு நியாயமாக வந்து உட்கார்ந்தது. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் எழுந்து நிற்க இடமில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ரேஷன் கடையில் ஒருத்தி, எப்ப சாப்பாடு போடப்போற என்று கேட்டு என் தோளில் இடித்தாள். எனக்கு எந்தச் சாப்பாடு என்று விளங்க நேரமாயிற்று.

உன் வருஷத் திதி முடிந்து சில நாளில் அம்மா அதை வாயைத் திறந்து சொன்னாள். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன்.

"கையில வெண்ணெய வச்சிக்கினு நெய்க்கு அலையலாமா? வேற எவளோ வந்து இந்தப் புள்ளைங்கள என்ன பாடு படுத்துவாளோ. நீன்னா இப்பவும் சித்திதான், அப்பவும் சித்திதான். என்ன மாறிடப் போவுது?"

அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தேன். அம்மாவின் தங்கச்சியும் சித்தி, அப்பா கட்டிக்கொண்டு வரும் இரண்டாவது பெண்டாட்டியும் சித்தி. எவர் வைத்த பெயரோ தெரியவில்லை, வைத்தவர் ரொம்ப முன்யோசனைக்காரர். அக்கா போய்விட்டால் பிள்ளைகளுக்கு மாற்றிக் கூப்பிடும் சிரமம்கூட இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ரேவதி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்து, இந்தா உன் சித்தி என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெயருக்குள் இப்படியொரு அறை இருக்கிறது என்று உனக்காவது தெரியுமா?

வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. வேறு யாரையும் மனதில் வைத்திருக்கவில்லை. மாமா நல்லவர். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், உன்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அந்த மனிதர் ஒரு குடிகாரராக இருந்திருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது உனக்குக் கேட்டிருந்தால் மன்னித்துவிடு. கெட்டவனை வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. நல்லவரை எப்படிச் சொல்வது?

மாமாவும் வாய் திறந்தார், ஒரே ஒரு முறை. அடிபம்பில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விஜி, நீயே வேணாம்னு சொல்லிடு. எனக்கு ஒன்ன அப்படி நெனைக்க வரல. நான் சொன்னா ஒங்கம்மா மனசு ஒடஞ்சிடும்."

குடம் நிரம்பி வழிந்தது. நல்லவர்களிடம் இருக்கிற சங்கடமே இதுதான். கெட்ட பெயர் எடுக்கிற வேலையை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் வாயைத் திறந்தால் அம்மா மனசு உடையும், நான் திறந்தால் உடையாதா? கோபத்தில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் அதன்பிறகு கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எல்லோரும் கழுவெளிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊர் முழுக்கப் போய்விட்டு வந்த இடம், நான் மட்டும் பார்த்ததில்லை. புளிசோறு கிளறினேன், வடகம் பொரித்தேன். அப்பா ஒரு லோடு ஆட்டோ பேசி வந்தார். மாமா வந்தார். அப்பாவின் அக்கா முனியம்மா அத்தையும் வந்தாள். அத்தை வெற்றிலைப் பையோடு வேப்பிலைக் கொத்தும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கொசுவுக்கு என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் பாபு தண்ணீரில் விழுந்து புரண்டான். ரேவதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளிஞ்சல் பொறுக்கினாள். நான்கூடக் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். வெதுவெதுப்பான தண்ணீர். ஒன்றரை வருஷத்தில் முதன்முறையாக யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காமல் கையை வீசிக்கொண்டு நின்றது அப்போதுதான். சூரியன் பழுத்து இறங்கத் தொடங்கியிருந்தது. அப்போது பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, பின்சீட்டில் கட்டியிருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பம்பை.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பூவும் பொட்டுமாகப் போனவள் வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள், தெய்வம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்க் கரையில் பம்பை அடித்து அழைத்து, புதுப்புடவை வைத்து, உத்தரவு கேட்க வேண்டும். அவள் யார் மேலாவது வந்து இறங்கிச் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. என்னிடம் கேட்டுக் கிடைக்காத உத்தரவை உன்னிடம் வாங்க வந்திருந்தார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. செம்பில் ஏரித் தண்ணீரை மொண்டு மஞ்சள் கலந்து வைத்தார்கள். அம்மா பையிலிருந்து புடவையை எடுத்தாள், நீ ஆசைப்படும் கத்தரிப்பூ நிறம். பம்பை முழங்க ஆரம்பித்ததும் கரையில் இருந்த குடும்பமெல்லாம் பாயை விட்டு எழுந்து வந்து வட்டம் கட்டி நின்றுவிட்டது. சுண்டல்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாண்டிக்காரர் ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக் காட்டினார். எனக்கு முதுகுப் பக்கம் ஏரி, முன்னால் மனிதர்கள். அஸ்தமன வெளிச்சம் அவர்கள் முகத்தில் எல்லாம் அடித்தது. ஆசையாகப் பார்க்க வந்த சூரியன் எனக்கு முதுகில்தான் சுட்டது.

உன் பெயரைச் சொல்லிப் பம்பைக்காரர் பாடினார். நீ யாருக்கு மகள், எந்த வீட்டுக்கு மருமகள், எந்த மழையில் போனாய் என்றெல்லாம். அதற்கு நானே அழுதுவிட்டேன். வழக்கம்போல முனியம்மா அத்தைக்குத்தான் வந்தது. அவளுக்கு வராத சாமி இந்த ஜில்லாவில் எது? கொண்டை அவிழ்ந்து, வேப்பிலையை வீசி ஆடினாள். வந்திருக்கிறது யாரம்மா என்று பம்பைக்காரர் கேட்டதற்கு, தனம் வந்திருக்கிறேன் என்றாள். அப்புறம் வெற்றிலை பாக்குக் கேட்டாள். நீ எப்போது வெற்றிலை போட்டாய் அக்கா? செத்த பிறகு பழகிக்கொண்டாயா?

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அடுத்ததாக அத்தை என்னை நேராகப் பார்த்து, "எம் புள்ளைங்க அழுவுது, எம் எடத்த எந் தங்கச்சிக்குத் தந்துட்டேன்" என்றாள். நீ என்னை ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் என்று சொன்னபோது அத்தையின் குரல் உடைந்தது பார், ஒரு நொடி என் மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. அந்த ஒரு நொடி வந்தது நீதானா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ரேவதி கிளிஞ்சலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வந்துட்டாங்களா என்று மாமாவைக் கேட்டாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா புடவையை இரண்டு கையிலும் ஏந்தி என் முன்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டால் முடிந்தது. அத்தை பொய் சொல்கிறாள் என்றால் உன்னைப் பொய்யாக்குவேன், அத்தனை பேர் முன்னால் அம்மாவைச் சாகடிப்பேன். சரி என்றால் என்னை. பின்னால் தண்ணீர்தான், அதிலும் முழங்காலுக்கு மேல் ஆழம் கிடையாது, ஓடி விழுந்தால்கூடச் சிரிப்பார்கள்.

புடவையைப் பார்த்தேன். நீ இருந்தபோது உன் புடவை எதையும் நான் விட்டுவைத்ததில்லை, கேட்காமலே எடுத்துக் கட்டிக்கொண்டு போவேன், நீ தெருவரைக்கும் துரத்துவாய். இதை மட்டும் தொட ஏன் கை வரவில்லை? அப்போதுதான் அம்மா கேட்ட காரணம் எனக்குக் கிடைத்தது. இத்தனை மாதம் எங்கெங்கோ தேடியது, அந்தக் கரையில் என் வாயிலிருந்தே வந்தது.

"அவ எனக்கு அக்கா. அக்கா பொடவைன்னா குடு, இப்பவே கட்டிக்கிறேன். மூத்தா பொடவைன்னா எனக்கு வேணாம். எனக்கு அக்கா வேணும், மூத்தா வேணாம்."

பம்பை நின்றுவிட்டது. அம்மாவுக்கு நான் சொன்னது விளங்கிற்று, அவள் முகத்திலேயே தெரிந்தது. உன் இடத்தில் நான் உட்கார்ந்தால் நீ மூத்தாள், நான் இளையாள். ஊர் நம்மைச் சக்களத்திகள் என்று சொல்லும். அதன்பிறகு உன்னை நினைத்து நான் அழுதால் அது எந்த முறையில் அழுகிற அழுகை? உன் படத்துக்குப் பூ வைத்தால் தங்கச்சியாக வைக்கிறேனா, உனக்குப் பயந்து வைக்கிறேனா? மாமாவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

அத்தை ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பம்பைக்காரர் பாவம், குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாவிடம், நான் அடிக்கட்டுமா நிறுத்தட்டுமா என்று கேட்டார். அம்மா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, செத்தவள் பேச்சைக்கூட மதிக்காதவள் என்று என்னைச் சொல்லி அழுதாள். கடைசியில் மாமாதான் போய்ப் பாபுவைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். பிள்ளை நனைந்துவிட்டான், சளி பிடிக்கும், போகலாம் என்றார். அன்று மாலை அவர் பேசியது அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது சூரியன் போய்விட்டிருந்தது.

புளிசோற்றுத் தூக்கைத் திறக்காமலே கொண்டுவந்தோம். புடவையை அம்மா அங்காளம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. வைகாசியில் மாமாவுக்குத் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள். மணவறையில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள், அவளை எந்த நியாயத்தைச் சொல்லி உட்கார வைத்தார்களோ. சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடி வந்து, பாபு என்ன சாப்பிடுவான் என்று ரகசியமாகக் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கல்யாணத்துக்கு முதல்நாள் ரேவதி என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அவங்கள சித்தின்னு கூப்பிடணும்னு முனியம்மா ஆயா சொல்லுது. அப்ப ஒன்ன என்னான்னு கூப்பிடுறது?"

கழுவெளியில் தப்பித்துவிட்டேன் என்றிருந்தேன், அந்தப் பெயர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. யோசிக்காமல் சொன்னேன், அவங்களை அம்மா என்று கூப்பிடு, சித்தி நான்தான் என்று. அவள் புரண்டு கூரையைப் பார்த்துப் படுத்தாள். அப்புறம், "அப்ப எங்க அம்மாவ?" என்று கேட்டாள்.

அவளும் அம்மாதான் என்றேன். வேறென்ன சொல்வேன்?

இப்போது பிள்ளைகள் மாமா வீட்டில் இருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். நான் யாருக்கும் சடை பின்ன வேண்டியதில்லை. காலை பஸ் ஹாரன் அடிக்கிறது, ஏறிப் போகலாம், ஆனால் எந்தக் கடைக்கு? கேட்டுப் பார்த்த இடத்தில் எல்லாம் அப்புறம் வா என்கிறார்கள். அம்மாவின் முதுகும் நானுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கழுவெளிக்குப் போனேன். மாமாவும் அந்தப் பெண்ணும் பின்னால் வந்தார்கள். பாபு கரையில் நின்று, அம்மா, அம்மா என்று கத்திக் கூப்பிட்டான். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன், நீ வந்துவிட்டாயோ என்று. அவன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவளும் என்னடா என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

எனக்குக் கோபம் வரக்கூடாது. நான்தானே சொல்லிக்கொடுத்தேன். உன் இடம் எனக்கு வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் கையை மடக்கிக்கொண்டவள், என் பெயரை வைத்துக்கொள்வதற்காக உன் பெயரை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா? துரத்திக்கொண்டு தெருவரைக்கும் வந்திருப்பாயா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அந்தச் சொல் அவர்கள் வாயில் அவளுக்குப் பழகிப்போகட்டும், அவளும் பாவம். ஆனால் அதை முதலில் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை மறக்க விட மாட்டேன். பம்பைக்கு இறங்கும் பூவாடைக்காரியை அவர்கள் கும்பிட்டுக்கொள்ளட்டும். மாங்காய் திருடி மாட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்லித் தப்பித்த தனத்தை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் முறை இருக்கிறது, ஏனென்றால்

நான் உன் தங்கை விஜயா,
உன் பிள்ளைகளுக்குச் சித்தி, அம்மாவின் தங்கச்சி என்ற அந்த ஒரே அர்த்தத்தில்.